கைவிரலில் ஒட்டிய ரிஷபம்

கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை, அதாவது ஃப்ரெட்டுகளை, நான் குறடால் பிடுங்கியதற்குக் காரணம் என் மனைவியின் கமகம். அவள் பாடும்போது ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவாள். என் கிதார் பின்னாலேயே படிப்படியாக ஏறும். பட்டைகள் போனால் நானும் வழுக்கலாமே! வழுக்கினேன். எங்கே நிற்பது என்பதுதான் தெரியவில்லை.

மென்பொருள் நிறுவனத்தில் அடுத்தவன் வேலையில் பிழை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. எனக்கா வழி தெரியாது? அவளுடைய ஸ்டிக்கர் பொட்டுகளைக் கழுத்தின் ஓரத்தில் சுரத்துக்கு ஒன்றாக ஒட்டினேன். மேல் சட்ஜத்துக்குப் பெரிய சிவப்பு. எங்கள் உப்பல் வீட்டில், மின்விசிறிக்கு அடியில், பிரமாதம்.

"மேடையில ஒழுங்கா வருமா?"

"டெஸ்ட் பண்ணியாச்சு."

மேடை லாலாகுடா ரயில்வே காலனியில். அவள் பிறந்து வளர்ந்த இடம். கல்யாணத்துக்குப் பிறகு அங்கே முதல் கச்சேரி. முன்வரிசையில் மாமனார், அவரோடு ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர்கள், அவள் மூக்கைத் துடைத்துவிட்ட அத்தைகள். பிசகினால் என்னை மறந்துவிடுவார்கள். அவளை மறக்க மாட்டார்கள்.

விளக்கு நேராக என் மேல் அடித்தது. வியர்வை மணிக்கட்டு வரை ஓடியது. அவள் ஆலாபனையைத் தொடங்கியபோது சுட்டுவிரலில் ஏதோ பிசுபிசுத்தது. பார்த்தேன். ரிஷபம்.

உதறினேன், போகவில்லை. காந்தாரம் நழுவிப்போய் பஞ்சமத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. சிவப்புப் பொட்டைக் காணவே காணோம். அவளோ மேல் சட்ஜத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தாள். அவள் போய் நின்றதும் நான் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. மயங்கி விழலாமா என்று யோசித்தேன். கிதார் உடையும்.

அவள் நின்றாள். நான் குத்துமதிப்பாக ஓரிடத்தில் அழுத்தினேன். மைக் வழியாக அந்த அபஸ்வரம் காலனி முழுக்கப் போனது. மாமனாரின் தலையாட்டல் அப்படியே நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு மாறவில்லை; சட்ஜத்தையும் விடவில்லை. விரலை நகர்த்தினேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம். தாண்டிவிட்டது! திரும்பினேன். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணோரம் நீர் கட்டியது. இன்னும் விடவில்லை. எறும்பு மாதிரி ஊர்ந்து ஊர்ந்து, கடைசியில் அவள் குரலுக்குள் போய் விழுந்தேன்.

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

கீழே இறங்கியதும் ஒரு அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னா மூச்சுடி உனக்கு! மாப்பிள்ளையும் அவசரப்படாம எவ்ளோ அழகா வந்து சேர்ந்தாரு!"

"ஹவ் அத்தை," என்று காலனிப் பேச்சில் ஆமாம் போட்டாள் இவள், என்னைப் பார்க்காமல்.

ஸ்கூட்டரில் ஏறிய பிறகுதான் என்னிடம் வாய் திறந்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான் காலிங்க."

"வேற நல்ல பசையா வாங்கி..."

"பொட்டு நக்கோ, வேணவே வேணாம். அந்தப் பட்டையெல்லாம் திரும்பப் போட முடியுமா?"

"பள்ளத்தையெல்லாம் மரத்தூளும் பசையும் வச்சு அடைச்சிட்டேனே."

உப்பல் வந்தது. வீட்டு வாசலில் இறங்கி, என் விரலில் இன்னும் ஒட்டியிருந்த ரிஷபத்தைப் பிய்த்தெடுத்தாள்.

"சரி, இனிமே பொட்டுக்குப் பதிலா நான்தான் சுரத்துல நின்னுட்டு இருக்கணும். சீக்கிரமா வந்து சேருங்க."