கழுவிக் கழுவி

எங்கள் ஆஸ்பத்திரியில் என் அண்ணிக்கு வைத்த பெயர் சுத்தம்மா. ஆபரேஷன் தியேட்டரின் கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் கழுவி, நீராவிப் பெட்டியில் வைத்து, கிருமி போக்கித் தருவது அவள் வேலை. பதினாலு வருஷமாகச் செய்கிறாள். அவள் மூடிவைத்த டப்பாவைக் கை கழுவாமல் தொட்டால் போதும், பெரிய டாக்டர் என்றுகூடப் பார்க்கமாட்டாள். "கையைக் கழுவிட்டு வாங்க சார். இது என்ன உங்க வீட்டுச் சர்க்கரை டப்பாவா?" என்று ஒரு தடவை தலைமை சர்ஜனையே வாசலில் நிறுத்திவிட்டாள். அவரும் மறுபேச்சுப் பேசாமல் போய்க் கழுவிக்கொண்டு வந்தார்.

நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், லேப்பில் இருக்கிறேன். ஊரார் உடம்பிலிருந்து வருவதையெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதிக் கொடுப்பவள். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். என்னை வேலைக்குக் கொண்டுவந்து விடுகிறேன் பேர்வழி என்று தினமும் ஸ்கூட்டரில் வந்த என் அண்ணன், நான் இறங்கிப் போன பிறகும் அரை மணி நேரம் தியேட்டர் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். அப்படித்தான் அவள் எனக்கு அண்ணியானாள். எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது, பேசாமல் இருந்த நாளும் கிடையாது. எதிரெதிர் வீடு. என் மகளைப் பாதி வளர்த்தது அவள்தான்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியும் அண்ணிக்குக் குழந்தை இல்லை. வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. முப்பத்தாறு வயதாகிவிட்டதே என்று இந்த வருஷம்தான் துணிந்து சிகிச்சைக்குச் சம்மதித்தாள். அடுத்த மாதம் கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தேதி குறித்திருந்தார்கள். அந்தச் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தினம் ஒரு தரம் எடுத்துப் பார்ப்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் கத்திகளை அடுக்கிக்கொண்டே மேஜைமேல் சாய்ந்துவிட்டாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளாகவே நடந்தாள். கேட்டால் "வாயுதான், போடி" என்பாள். அன்று தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாகக் கொதித்தது, நூற்று மூன்று டிகிரி. லேடி டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டு, கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் சீழ் கட்டியிருக்கிறது என்றார்.

பிறப்புறுப்பின் உள்ளேயிருந்து பஞ்சுக் குச்சியில் எடுத்த ஸ்வாப் என் லேப்புக்குத்தான் வந்தது. வேறு யாரையும் தொடவிடாமல் நானே ஸ்லைடுக் கண்ணாடியில் தடவி, சாயம் போட்டுப் பார்த்தேன். ஆரோக்கியமான பெண்ணுக்கு அங்கே நீளநீளமாகக் குச்சி மாதிரிக் கிருமிகள் நிறைய இருக்கும். இருக்க வேண்டியவை அவை. அண்ணியின் ஸ்லைடில் மூலைமூலையாகத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அந்த இடமெல்லாம் பொடிப்பொடியாக வேறு கிருமிகள் அப்பிக்கிடந்தன, நடுநடுவே சீழ் அணுக்கள். ரிப்போர்ட்டை எழுதிக் கையிலேயே எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

டாக்டர் படித்துவிட்டு அண்ணியிடம் கேட்டார். "கீழ சோப்பு, மருந்துன்னு எதாவது வச்சு உள்ள கழுவுறீங்களாம்மா?"

அவ்வளவு வலியிலும் அண்ணியின் முகத்தில் ஒரு பெருமை வந்ததே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "தினமும் ரெண்டு வேளை டாக்டர். தியேட்டர் தரைக்குப் போடுறோமே, அதே மருந்து. தண்ணியில அளவாத்தான் கலப்பேன், ஒரு சொட்டுகூடத் தப்பாது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாளா?"

"அஞ்சு வருஷமா."

"யாரும்மா உங்களுக்கு இதைச் சொன்னது?"

அண்ணி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்லவில்லை, சாட்சிக்குத்தான் கூப்பிட்டாள். "இவதான் டாக்டர் காட்டினா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானா? நான் எப்போது காட்டினேன் என்று வாய் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டேன். காட்டியது நான்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், என் லேப் மேஜையில் தூசி இருக்கிறது என்று அவள் தொணதொணத்தாள். எனக்குச் சுரீரென்று வந்தது. யாரோ ஒரு நல்ல ஆரோக்கியமான பெண்ணின் ஸ்லைடை வைத்து, "உங்க சுத்தமெல்லாம் வெளியிலதான் அண்ணி. இங்க பாருங்க. எல்லாப் பொம்பளைக்குள்ளயும் இப்படிக் கோடிக்கணக்குல குடியிருக்கு. உங்களுக்கும்தான்" என்றேன். அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது. மூக்கறுத்துவிட்டோம் என்று நான் சிரித்தேன். அதற்குள் போன் அடித்தது, பேசப் போய்விட்டேன். அவை நல்ல கிருமிகள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

அதை இப்போது டாக்டர் சொன்னார். "அதெல்லாம் உடம்பு தானே வச்சிருக்கிற காவல்மா. அங்க ஒரு புளிப்பை உண்டாக்கி, கெட்ட கிருமி எதுவும் தங்கவிடாம பாத்துக்கும். நீங்க வாசல்ல நின்ன காவலாளிய தினமும் ரெண்டு வேளை விரட்டியிருக்கீங்க. இந்தச் சீழுக்கு வேற காரணமும் இருக்கலாம், இது ஒண்ணுதான்னு நான் அடிச்சுச் சொல்லமாட்டேன். ஆனா கதவு திறந்துகிடந்துச்சு. உள்ள போனது மேல கர்ப்பப்பை, குழாய் வரைக்கும் ஏறிடுச்சு."

அண்ணி மெதுவாகக் கேட்டாள். "நான் கலந்த அளவு சரியாத்தானே டாக்டர் இருந்துச்சு?"

அடக் கடவுளே! அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். இத்தனை வருஷம் படித்த படிப்பும் பார்த்த ஸ்லைடும் எதற்கு? ஒருத்தியை மட்டம் தட்டத்தானா? என் நாக்கை அறுத்துப் போட்டால்கூடத் தகும்.

இரண்டு நாள் ஊசியும் டிரிப்ஸுமாகப் போட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போதே, "திங்கக்கிழமை நான் கட்டின டப்பாவ எடுத்துக்கங்க, மேல தேதி போட்டிருக்கு" என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டு போனாள். அண்ணனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "குழாய மட்டும் காப்பாத்திக் குடுங்க டாக்டர்" என்று கும்பிட்டான்.

இரண்டரை மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். இரண்டு குழாயும் சீழ் பிடித்து ஒட்டிப்போய்விட்டதாம், இரண்டையும் எடுக்க வேண்டியதாகிவிட்டதாம். கர்ப்பப்பையையும் முட்டைப்பையையும் காப்பாற்றிவிட்டார்கள். "உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா இனிமே தானா உண்டாக வழியில்ல. வெளிய கரு உண்டாக்கி வைக்கிற சிகிச்சை இருக்கு. உடம்பு தேறட்டும், எந்த அளவுக்கு வாய்ப்புன்னு பாக்கலாம்" என்றார். கடைசியில் சொன்னதை அண்ணன் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

மதியம் அண்ணிக்கு நன்றாக நினைவு வந்தது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். என்ன கேட்பாள், என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண் விழித்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உம் பொண்ணு எங்கடி?"

"வீட்லதான் அண்ணி. பாக்கணுமா? வரச் சொல்றேன்."

"அய்யோ, அதில்லடி. அவளுக்கும் குடுத்தேன்."

"என்ன குடுத்தீங்க?"

"அந்த மருந்து. சின்ன பாட்டில்ல. மூணு மாசத்துக்கு முன்னாடி வெள்ளை படுது, பயமா இருக்குன்னு அழுதா. உங்கிட்ட சொன்னா நீ கத்துவேன்னு சொன்னா. நாந்தான் கழுவச் சொல்லிக் குடுத்தேன்."

என் மகளுக்குப் பதினைந்து வயது. அந்த வயதில் அப்படிப் படுவது சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. என்னிடம் வந்திருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பேன். ஏன் வரவில்லை? நான் கத்துவேனாம். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வீட்டுக்கு ஓடினேன்.

மகள் அலமாரியில் துணிகளுக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அண்ணி கையெழுத்தில் 'ஒரு மூடி மட்டும்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"எரியலயாடி உனக்கு?"

"எரியும்மா. அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்னு..."

நான் கத்தவில்லை. கத்த எனக்கு வாயும் இல்லை. அவளைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து லேடி டாக்டரிடம் காட்டினேன். தோல் கொஞ்சம் சிவந்திருக்கிறது, அவ்வளவுதான், இன்றோடு நிறுத்தினால் தானே சரியாகிவிடும் என்றார். உள்ளே தண்ணீர்கூட விடத் தேவையில்லை, வெளியே மட்டும் கழுவினால் போதும் என்று அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மகளோடு சேர்ந்து நானும் தலையை ஆட்டினேன்.

வார்டுக்குத் திரும்பினால், அண்ணி வாசலையே பார்த்தபடி கிடந்தாள். அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தான். அவனிடம் அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம்.

"புள்ளைக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி. டாக்டர் பாத்தாச்சு. நிறுத்தியாச்சு."

அண்ணி கண்ணை மூடினாள். நெஞ்சு மேலும் கீழுமாக ஏறி இறங்கியது. தையல் வலித்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"சரி. இப்ப எனக்குச் சொல்லு. என்ன எடுத்தாங்க?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சொல்ல வேண்டியவள் நான்தான். கட்டிலில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"குழாய எடுத்துட்டாங்க அண்ணி."

"ரெண்டுமா?"

"ரெண்டும்" என்றேன்.