எடை போடும் இடத்தில் கேட்ட கேள்வி

நடந்தது இது:

1. தேயிலை விலை விழுந்து வேலையில்லாமல் நின்ற எஸ்டேட் பையன்களுக்கு, டிஸ்பென்சரி லேப் டெக்னீஷியனான நான் வகுப்பெடுத்தேன். "பெண்கள் பின்னால் சுற்றாதீர்கள். விருப்பமா என்று நேராகக் கேளுங்கள்" என்றேன்.
2. மறுநாள் கொழுந்து எடை போடும் இடத்தில், நண்பர்கள் விசிலடிக்க, அந்தப் பையன்களில் ஒருவனான சுரேஷ், கொழுந்து பறிக்கும் செல்வியை எல்லார் முன்னாலும் விருப்பமா என்று கேட்டான்.
3. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பேச்சு கிளம்பியது. செல்வியின் அப்பா அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். அந்த வீட்டில் அவள் கூலி மட்டும்தான் வருமானம்.

சுரேஷைக் கூப்பிட்டுத் திட்டினேன். "ஏனுங்கக்கா, நீங்கதானே கேக்கச் சொன்னீங்க?" என்றான்.

"ஊரைக் கூட்டி வெச்சா? அவ எப்படிடா வேண்டாம்னு சொல்லுவா?"

"வேண்டாம்னு வேற சொல்லுவாளாக்கா?"

தலையில் அடித்துக்கொண்டேன். செல்வியை மறுபடி வேலைக்கு அனுப்பச் சொல்லி அவள் அப்பாவிடம் நான் போய்ப் பேச வேண்டியதாயிற்று.

இப்போது 'வேண்டாம்' என்றால் விலகிப்போவதைத்தான் முதல் வகுப்பிலேயே சொல்லித்தருகிறேன்.

செல்வி வேலைக்கு வருகிறாள். சுரேஷிடம் பேசுவதில்லை. அதுதான் பதில் என்று அவனுக்கு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.