தகட்டில் காய்ந்த சந்தனம்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு மதியம், பாண்டிச்சேரியில் நான் உதவி ஆசிரியராக இருந்த நாளிதழின் மேசைக்கு வெளிநாட்டுக் கார் ஒன்றைப் பற்றிய ஏஜென்சி செய்தி வந்தது. நான்கு பத்தி. இரண்டாகச் சுருக்கித் தமிழில் போடச் சொன்னார்கள். எஞ்சினுக்குள் காற்று போக அந்தக் காரில் இரண்டு வழிகளாம். மெதுவாகப் போகும்போது நீளமான, குறுகிய வழி. வேகம் எடுத்ததும் குட்டையான, அகன்ற வழி. எதில் காற்று போக வேண்டும் என்பதை ஒரு தகடு திறந்து மூடித் தீர்மானிக்கும். உலகம் இதுவரை காணாத ஒன்று என்கிற தோரணையில் எழுதியிருந்தார்கள்.

இரண்டாவது வரியில் பேனாவை வைத்துவிட்டேன். கோபத்தில் காது சுட்டது. அந்தத் தகட்டைப் பல வருடங்களுக்கு முன்பே பாகூர் பக்கத்துக் கிராமமான குருவிநத்தத்தில் பார்த்திருக்கிறேன். விரலால் தொட்டும் இருக்கிறேன். அந்த விரல்தான் விஷயம்.

குருவிநத்தத்தில் என் பெரியப்பா மகனுக்கு நெல்லும் கரும்பும் விளையும் நிலமும் ஒரு பெட்ரோல் காரும் இருந்தன. நான் அவரை அண்ணன் என்பேன். காரை ஓட்டியவரும் பழுது பார்த்தவரும் வில்லியனூர்க்காரர் ஒருவரே. எல்லோருக்கும் அவர் பாய். உடன்பிறந்தவர்கள் கடைவீதியில் வியாபாரம் செய்ய, இவர் மட்டும் கிரீஸ் படிந்த கையோடு இருந்தார். ஆற்று மணலிலிருந்து கரை ஏறும் சரிவில் அந்தக் கார் திணறும். முதல் கியரில் உறுமி, இரண்டு பேர் இறங்கித் தள்ளிய பிறகே மேலே வரும். தள்ளுகிறவர்கள் பாயைக் கேலி செய்வார்கள். மாடு கட்டித் தரட்டுமா என்பார்கள்.

சில மாதங்கள் அவர் கார்புரேட்டர் வாயோடு மல்லுக்கு நின்றார். முடிவில் அதில் இரண்டு குழாய்களைப் பொருத்தினார். ஒன்று பழைய டிராக்டரில் கழற்றியது, நீளமாக வளைந்து போவது. மற்றது ஒரு சாண் நீளமுள்ள தடித்த குழாய். தடித்த குழாயின் கழுத்தில் மெல்லிய தகடு, அது சுழல ஓர் அச்சு. அச்சிலிருந்து சைக்கிள் பிரேக் வயர் கிளம்பி ஸ்டியரிங் அருகே ஒரு குமிழில் முடிந்தது. குமிழை இழுத்தால் தகடு திறக்கும். விட்டால் மூடிக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து வைத்து எனக்கு விளக்கினார். காற்றுக்கும் கனம் உண்டு என்றார். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது நீளக் குழாயில் வரும் காற்று ஒரு ஓட்டம் பிடித்து, வால்வு மூடப் போகிற நேரத்திலும் உள்ளே முட்டிக்கொண்டு போகும். அதனால் சிலிண்டர் நன்றாக நிரம்பும், வண்டி இழுக்கும். அதே குழாய் வேகத்தில் போதாது, மூச்சு முட்டும். அப்போது குட்டை வழியைத் திறந்துவிட வேண்டும். அவர் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு படித்தார் என்று எனக்குத் தெரியாது. சொன்னதில் ஒரு சொல்கூட அதிகம் இல்லை.

மறுநாள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைச் சரிவில் இரண்டாம் கியரில் ஏறினார். ஒருவரும் இறங்கவில்லை. பாகூர் சாலையில் வேகம் பிடித்துக் குமிழை இழுத்ததும் எஞ்சினின் குரல் மாறியது. பக்கத்தில் உட்கார்ந்து நான் கேட்டேன். அன்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். அந்த அச்சில் யாரும் கை வைக்கக் கூடாது, எண்ணெய்கூட விடக் கூடாது.

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவித் துடைத்து வாழைக்கன்று கட்டியவர் பாய்தான். ஒவ்வொரு வருடமும் அவர்தான் கட்டுவார். பிறகு பழம் வாங்கப் பாகூருக்குப் போனார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனக் கிண்ணத்தை அண்ணி என் கையில் கொடுத்து, ஒன்றையும் விடாமல் எல்லாவற்றுக்கும் வைக்கச் சொன்னார். விட்டுப்போன பாகம் கோபித்துக்கொள்ளும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. விளக்குக்கு வைத்தேன், ஸ்டியரிங்குக்கு வைத்தேன், பானெட்டைத் திறந்து எஞ்சினுக்கு வைத்தேன். தகட்டின் அச்சு முன்னால் இருந்தது. பாய் சொன்னது நினைவில் இருந்தது. ஒரு பொட்டுதானே என்று அதற்கும் வைத்தேன், மேலே குங்குமமும் வைத்தேன்.

மறுநாள் விஜயதசமி. அண்ணன் மகளுக்கு விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு ஊரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் தட்டு மாற்ற வேண்டும். வில்லியனூர் தாண்டி விழுப்புரம் சாலையில் பாய் குமிழை இழுத்தார். வரவில்லை. ஈரச் சந்தனம் அச்சுக்குள் இறங்கி, எஞ்சின் சூட்டில் கல்லாகியிருந்தது. கார் நீளக் குழாய் வழியாக மட்டும் மூச்சு விட்டது. வேகம் ஏறவில்லை, பின்னால் கரும்புகை. பஸ்கள் எங்களைக் கடந்து போயின. ஐந்து நிமிடம் கொடுத்தால் பார்த்துவிடுகிறேன் என்று பாய் மூன்று முறை கேட்டார். நேரம் போகிறது, ஓட்டு என்று அண்ணன் மூன்று முறையும் சொன்னார். அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்திருந்தால் நேரத்துக்குப் போயிருப்போம்.

போய்ச் சேர்ந்தபோது ராகு காலம். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகக் காபி கொடுத்து, இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். இன்னொரு நாள் வராது என்பது எல்லோருக்கும் புரிந்தது. அண்ணன் நேராகக் காரிடம் வந்து பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

பாய் திறந்தார். அச்சின் மேல் மஞ்சளாக, விரல் ரேகையோடு, காய்ந்த பொட்டு. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு?" என்றார் அண்ணன்.

"சந்தனம் காஞ்சி புடிச்சிக்கிச்சி மொதலாளி."

"பூஜ போட்டதால வண்டி கெட்டுப்போச்சின்னு சொல்றியா?"

அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? ஆமாம் என்றால் பூஜையைக் குறை சொன்னதாகிவிடும், அதுவும் நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில், அதுவும் ஒரு பாய். அவர் வாய் மூடிக்கொண்டது அதனால்தான். நான் சொல்லியிருக்கலாம். என் விரல், என் வீடு, என் அண்ணன். செய்தித்தாளில் வேலை பார்க்கிறவன் என்று என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்திருந்தார்கள். நான் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் பாயை அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினார், பஸ்ஸில் போகச் சொன்னார். காரை அந்த ஊர் டிரைவர் ஒருவர் ஓட்டிவந்தார். குழாய்கள் இரண்டும் அடுத்த வாரம் பழைய இரும்புக்குப் போயின. கார் மறுபடியும் கரையில் தள்ளு வாங்கியது. ஆனால் ஊரில் நின்ற பேச்சு ஒன்றுதான்: பாய் எதையோ சொருகி வண்டியைக் கெடுத்து, ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் கெடுத்துவிட்டார். பாகூர்ப் பக்கம் யாரும் அதன்பின் அவரை நம்பி வண்டி விடவில்லை. வில்லியனூரில் பம்ப்செட் பழுது பார்க்க உட்கார்ந்தார். நான் குடியிருந்த ஒதியம்பட்டிலிருந்து வேலைக்குப் போகும்போது பஸ் ஜன்னல் வழியாக அவரைப் பார்ப்பேன். இறங்கியதில்லை.

அந்தச் செய்தி அச்சான அன்று இறங்கினேன்.

பத்திரிகையை விரித்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். அவர் கேட்டது வயரைப் பற்றி.

"யாரு தம்பி இழுக்கறது இத?"

"அதுவே தொறந்துக்குமாம் பாய். வேகத்தப் பாத்து. எல்லாம் உள்ளயே மூடி இருக்குமாம்."

"அப்ப சந்தனம் வைக்க கை எட்டாது" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பத்திரிகையை மடித்து என்னிடமே நீட்டினார்.

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே எடுத்தாந்து காட்டறியே. தெரியாதவங்க குருவிநத்தத்துலதான இருக்காங்க."

அடுத்த பஸ்ஸில் பாகூர் போய், அங்கிருந்து குருவிநத்தம் நடந்தேன். அண்ணன் களத்தில் நெல் தூற்றுவதைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். மகளுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். கண்ணாடி போட்டுச் செய்தியைப் படித்தார்.

"வெளிநாட்டுக்காரன் செஞ்சிருக்கான்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"பாய் செஞ்சதும் இதுதான்."

"அதான் கெட்டுப்போச்சே."

"அச்சுல சந்தனம் வச்சவன் நான்."

அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பூஜ நாள்ல வச்சது, அதுல இன்னா தப்பு? வா, சாப்டலாம்."

களத்தில் நான்கு பேர் முறத்தோடு நின்றிருந்தார்கள். இரண்டு பேர் அந்தக் காரைத் தள்ளியவர்கள், மாடு கட்டித் தரட்டுமா என்று கேட்டவர்கள். நான் அவர்கள் பக்கம் திரும்பினேன். வண்டியில் குறை இல்லை, பாய் மேலும் குறை இல்லை, கெடுத்தவன் நான், அவர் நிறுத்திப் பார்க்கக் கேட்டும் விடாதவர் இவர் என்று அண்ணனைக் காட்டிச் சொன்னேன். எந்த மேசையிலும் நான் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை. முறங்கள் நின்றன.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குள் போனார். சாப்பிட இரண்டாம் முறை அழைக்கவில்லை.