இன்டர்லாக்கனுக்கு வந்த சவரக்கத்தி

சுவிஸின் இன்டர்லாக்கனுக்கு எல்லோரும் பனிமலை பார்க்கப் போவார்கள். போன சனிக்கிழமை நான் ஒரு குழந்தையின் தலைமுடியைக் காப்பாற்றப் போனேன். என் தங்கை சுதாவின் மகனுக்கு அன்று முப்பத்தோராம் நாள். பிள்ளை பிறந்த துடக்குக் கழித்து மொட்டை வழிப்பது எங்கள் வழக்கம். அப்பாவின் தங்கையான மாமி, கைப்பையில் புதுச் சவரக்கத்தியோடு வந்தார்.

நாங்கள் இருக்கும் ஓர்லிகோனில் காலை எட்டு மணிக்கு ஏறி, சூரிச்சிலும் பேர்னிலும் மாறினால் இரண்டேகால் மணித்தியாலப் பயணம். ஹால்ப்டாக்ஸ் அட்டை இருந்தால் பாதிக் கட்டணம். தூன் தாண்டியதும் இடப்பக்கம் ஏரி வரும். மாமி என்னை அதைப் பார்க்க விட்டால்தானே!

"உந்தச் சுருட்டையை வழிச்சு விட்டால் நல்ல முடி வளரும்."

"இருக்கிறதுக்கு என்ன குறை மாமி?"

"பள்ளிக்கூடத்திலை பகிடி பண்ணுவாங்கள். எங்கட பக்கத்திலை உப்பிடி ஒருத்தருக்கும் இல்லை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் தலை முழுக்கச் சுருள்தான். மாமியின் முடி மட்டும் மாதாமாதம் சலூனில் இழுத்து நேராக்கப்படுகிறது.

ஸ்டேஷனிலிருந்து சுதா வீட்டுக்கு இருபது நிமிட நடை. குடை இல்லை, மழை பிடித்துக்கொண்டது.

சுதாவின் கணவர் நைஜீரியாவின் யொரூபா இனத்தவர், ஹோட்டல் சமையல்காரர். பெயர் பாபாதுண்டே. 'அப்பா திரும்பி வந்துவிட்டார்' என்று பொருள். தாத்தா இறந்தபின் பிறந்ததால் வைத்த பெயர். மகனுக்கோ பிறக்கும்போதே முடி சிறுசிறு முடிச்சாக இருந்தது. அப்படி வரும் பிள்ளைக்கு அவர்களிடையே டாடா என்பதுதான் பெயர். பெற்றோர் தேடி வைப்பதில்லை, பிள்ளை கொண்டுவருவது. அந்த முடியில் கண்டவரும் கைவைக்கக் கூடாது. வெட்டும் நாளில் விருந்து வைப்பார்கள்.

மாமி கத்தியை எடுத்தார். பாபாதுண்டே, மழையில் சுருள் திரும்பியிருந்த அவரது ஈரத் தலையைப் பார்த்து முகம் மலர்ந்தார். டொச் என்று நாங்கள் சொல்லும் ஜெர்மனில் கேட்டார்: "உங்களுக்கும் சுருளா! யாரிடமிருந்து வந்தது?"

கேலியே இல்லை. உண்மையாகவே அறிய ஆசைப்பட்டார். மாமி கத்தியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். தேத்தண்ணீரும் குடிக்கவில்லை.

திரும்பும்போது பேர்னில் ரயில் மாறினோம். பிறகு மாமி ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "என்னைப் பள்ளிக்கூடத்திலை பரட்டை எண்டுதான் கூப்பிட்டவை. ரீச்சரும்தான்."

என் கோபம் தணியவில்லை, இடம் மாறியது. அந்த ரீச்சர் சொன்ன ஒரு சொல் ஒரு மாதக் குழந்தையின் தலைவரை வந்திருக்கிறதே! அதையும் ஒரு சொத்துப் போலக் கைமாற்றுகிறோம்.

போகிறவர்களுக்கு: ரயிலில் இடப்பக்கம் உட்காருங்கள். குடை கொண்டுபோங்கள். பிள்ளை பார்க்கப் போகிறீர்கள் என்றால், யாரைப் போல என்று கேளுங்கள், பதில் வரும்வரை கையைப் பைக்குள் விடாதீர்கள்.