கச்சான் காற்றை முதுகில் நம்பி மண்டபம் போன கதை

இது 1956 ஆனி மாதத்துச் சங்கதி. தரைச்சாலை முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் இருபத்து மூன்று மைல். அதற்கப்பால் ரயிலுக்குத்தான் பாலம்; என் போன்ற சக்கரவர்த்திகளின் சைக்கிளுக்கு இல்லை. அன்று மாலை ஐந்திலிருந்து ஐந்தரைக்குள் என் அக்கா மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். மாமன் நான் ஒருவன்தான். பகல் முழுக்க இருக்கிறதே என்று, ஒரு ரூபாய் வாடகைக்குச் சைக்கிள் எடுத்துக் காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினேன்.

பத்து மைலில் உச்சிப்புளி. ஐம்பதே நிமிடம். வழியில் இரண்டு காக்கைகளை முந்தினேன். என் தொடைகளைப் பற்றி அரசாங்கம் ஒரு தபால்தலை வெளியிடலாம் என்று தோன்றியது. டீக்கடைக்காரர் ஓரணா டீயை நீட்டியபடி கேட்டார்:

"அண்ணே, இன்னைக்கே திரும்பி வாறீகளா?"

"மதியமே வந்துருவேன்."

"கச்சான் காத்து தள்ளிவிடுது, போறீக. வாரப்ப அது யாரைத் தள்ளும்?"

அந்த மேற்குக் காற்றுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் சிரித்துவிட்டு மிதித்தேன்.

ஏழேகாலுக்கு மண்டபம். இரண்டு கடலையும் மாறிமாறிப் பார்த்தேன். தெற்கே இருப்பதை ஆண்கடல் என்கிறார்கள். அது ஆனியில் குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளைபோல் குதிக்கிறது. அரை மைல் வடக்கே பெண்கடல், தட்டில் ஊற்றிய எண்ணெயாகக் கிடக்கிறது. ஒரே காற்று, இரண்டு குணம். எப்படி என்று ஒவ்வொரு வலைக்காரரையும் கேட்டதில் பதினொரு மணியாகிவிட்டது.

திரும்பியபோதுதான் காலையில் மிதித்தது யார் என்று புரிந்தது. காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. மணல் பல்லில் நறநறத்தது. ஒரு நத்தை என்னை முந்தி, திரும்பி நின்று நலம் விசாரித்தது. பாதி வழி தள்ளிக்கொண்டே நடந்து, உச்சிப்புளி சேர்ந்தபோது மூன்றே முக்கால். இன்னும் பத்து மைல். என் மடி இல்லாமல் பிள்ளையின் காது தப்பிவிடும். அக்கா கையிலிருந்து நான் தப்பமாட்டேன்.

காலையில் நான் சிரித்த சிரிப்பை டீக்கடைக்காரர் எனக்கே திருப்பித் தந்தார். மண்டபத்திலிருந்து வந்த கருவாட்டு லாரியைக் கைகாட்டி நிறுத்தினார். டிரைவர் என்னைப் பார்த்தார்.

"முன்னால இடமில்லண்ணே. மூட்டை மேல படுத்துக்கிருவீகளா?"

"காதுகுத்து தம்பி. தாய்மாமன்."

"அப்ப சைக்கிளையும் மேல போட்டுட்டு ஏறுங்க. இறுக்கிப் பிடிச்சுக்கங்க, அணைச்சுக்கிறாதீக."

அணைத்துக்கொண்டுதான் வந்தேன். வழியில் டயர் ஒன்று வேறு பஞ்சர். அக்கா வீட்டு வாசலில் இறங்கும்போது ஐந்து இருபது. ஆசாரி ஊசியோடு நின்றார். அத்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, குளிச்சுட்டு வா" என்றாள் அக்கா.

"நேரமில்ல, உக்காரச் சொல்லு" என்றார் அத்தான், மூக்கைப் பொத்திக்கொண்டு.

பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஊசி இறங்கியது. சத்தமே இல்லை. வீரன் என்று எல்லோரும் வியந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற பிள்ளை எப்படி அழும்? இரண்டாவது காதுக்கு மூச்சு விட்டான், பாம்பன்வரை கேட்டிருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு: ஆனி, ஆடியில் மண்டபத்துக்குச் சைக்கிளில் போங்கள், திரும்பும்போது சைக்கிளை ரயிலில் ஏற்றிவிடுங்கள். அது தவறிப்போய்க் கருவாட்டு லாரி வந்தால் யோசிக்காமல் ஏறலாம். சட்டையை மட்டும் மறுநாள் தேட வேண்டாம். என்னுடையதை அக்கா அன்றே அடுப்பில் போட்டுவிட்டாள்.