ராகு காலத்தில் போன விண்ணப்பம்

இன்று கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு இணையதளத்தை மூடிவிடுவார்கள்.

எதிர் வீட்டு குணசேகரன், மகள் யாழினிக்கு விண்ணப்பம் போட அவளோடு மூன்றரைக்கே என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் லேப்டாப்பைத் திறந்ததும் தடுத்தார்.

"இன்னா மேடம் அவசரம்? செவ்வாக்கெழம, நாலரை வரைக்கும் ராகு காலம் கீது."

சரி, எந்தப் பிரிவு என்றாவது பேசி முடிப்போம் என்றேன். அங்கேதான் வெடித்தது.

"சிற்பம்," என்றாள் யாழினி.

"கல்லு ஒடைக்கவா பன்னெண்டாவது வரைக்கும் படிக்க வெச்சேன்? டிசைனிங் போடு. வேலையாச்சும் கெடைக்கும்."

அவள் செல்போனோடு பால்கனிக்குப் போனாள். அவர் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்.

நாலரை ஆனது. அவள் தயங்கித் தயங்கி பாஸ்வேர்டைச் சொன்னாள். உள்ளே போனால், விண்ணப்பம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. பிரிவு: சிற்பம். நேரம்: மூன்று ஐம்பது. அசல் ராகு காலம்.

யாழினி இமைக்காமல் என்னைப் பார்த்தாள். லேப்டாப்பை மெல்ல என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"போயிடுச்சா மேடம்?"

"போயிடுச்சு சார்."

பொய் இல்லையே.

"பாத்தியா பாப்பா? நல்ல நேரத்துல போட்டா இப்டித்தான், சட்டுனு போவும்."

சீட் கிடைத்தால் முதல் ஸ்வீட் பாக்ஸ் எனக்குத்தானாம். எந்தப் பிரிவு என்று அவர் படித்துப் பார்க்கிற அன்றைக்கு, நான் தப்பி ஓட எங்கள் பட்டாபிராமிலிருந்து முதல் ரயில் எத்தனை மணிக்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.