பத்து இருக்க வேண்டிய இடத்தில் இருபது

என் அக்காவுக்கு வாய் ஜாஸ்தி. தையல் கம்பெனியில் பதினோரு வருஷம் மெஷின்களைப் பழுது பார்த்தவள். கம்பெனியை மூடியதும் அழுதுகொண்டு உட்காராமல் கார் எலக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொண்டாள். ஒரு ஒர்க்‌ஷாப்பில், "ஒருநாள் வேலை செஞ்சு காட்டு, பாக்கலாம்" என்றார்கள். இவளோ வேலையே கிடைத்துவிட்டதாக வீட்டில் தம்பட்டம் அடித்துவிட்டாள். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான். லீவு போட்டுவிட்டுக் கூடவே போய் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வண்டி ஒரு பல் டாக்டருடையது. ஒரே வாரத்தில் பின்விளக்கு ஃபியூஸ் மூன்று தடவை போய்விட்டதாம். முந்தின நாள் ஒர்க்‌ஷாப் முதலாளியே வேறொன்று மாட்டி அனுப்பியிருக்கிறார். அது போகவில்லை. ஆனால் இப்போது கருகல் வாடை வருகிறது என்று டாக்டர் திரும்பி வந்து நிற்கிறார்.

"ஒண்ணும் இருக்காது. சும்மா ஒரு பார்வை பாத்து அனுப்பும்மா" என்றார் முதலாளி.

அக்கா கருவியைத் தொடவில்லை. "வாடை எப்ப வருது டாக்டர்?"

"லைட்டு எரியும்போது டிக்கியைத் திறந்து மூடினா வருது."

"அப்படிச் சொல்லுங்க!" என்று சிரித்தாள். வண்டியை அணைத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஃபியூஸ் பெட்டியைத் திறந்தாள். மூடியில் இருந்த படத்தைப் பார்த்து, பின்விளக்கு ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மஞ்சள் நிறம், இருபது ஆம்பியர். படத்தில் பத்து என்று போட்டிருந்தது.

மாட்டியவர் யார் என்று டாக்டரைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரியும். பேசாமல் இருடி என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பினால்தானே?

டிக்கிக் கீலருகே ரப்பர் உறையை விலக்கினாள். உள்ளே ஒயரின் தோல் தேய்ந்து, உருகி, செம்பு பல்லிளித்தது. டிக்கியைத் தூக்கும்போதெல்லாம் அது தகரத்தில் உரசியிருக்கிறது. கெட்ட துண்டை வெட்டிப் புது ஒயர் இணைத்தாள். டேப் சுற்றி, சிவப்பு நிறப் பத்து ஆம்பியர் ஃபியூஸை மாட்டினாள். விளக்கைப் போட்டுவிட்டு டிக்கியை இருபது தடவை திறந்து மூடினாள். ஃபியூஸ் போகவில்லை.

"நேத்து போட்டதுல என்ன தப்பு?" என்றார் டாக்டர்.

"ஒயர் சூடாகறதுக்கு முன்னாடி ஃபியூஸ் போகணும் டாக்டர். அதுக்குத்தான் அது இருக்கு. பெருசா போட்டா ஃபியூஸ் தப்பிச்சுக்கும், ஒயர் எரியும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வண்டியே பத்திக்கிட்டிருக்கும்."

"யார் போட்டது இதை?"

அக்கா முதலாளியை நேராகப் பார்த்தாள். "நீங்களே சொல்லிடுங்க சார்."

போச்சு, வேலை போச்சு என்று நான் எழுந்தே விட்டேன். முதலாளி கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"நான்தான் டாக்டர். அவசரத்துல கையில கிடைச்சதைப் போட்டுட்டேன். இனிமே ஃபியூஸ் விஷயமா வந்தீங்கன்னா என்கிட்ட கேக்காதீங்க, இவங்ககிட்ட கேளுங்க."